விளக்குக்காரர் திட்டவே இல்லை

எனக்கு வாய் ஓயாது. சம்பளமே அதற்குத்தான். வேற்றுமொழித் தொடர்களைத் தமிழில் பேச வைக்கும் டப்பிங் ஸ்டுடியோ ஒன்றில் குரல் கொடுக்கிறேன். கொடுமைக்கார மாமியார், சொத்தைப் பிடுங்கும் அத்தை, கைதிகளை விரட்டும் ஜெயில் அதிகாரி என்று திரையில் எவள் கத்தினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். குழைந்து பேசும் கதாநாயகிகளுக்கு வேறொருத்தி இருக்கிறாள். அவளுக்குத் தொண்டை திறக்கக் காலை பத்து மணி ஆகும். எனக்குக் கண் திறப்பதற்கு முன்பே தொண்டை திறந்துவிடுகிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம்.

எங்களுக்கு ஒரே மகள். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பள்ளி விட்டதும் என்னோடு ஸ்டுடியோவுக்கு வந்து, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதிவு செய்யும் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். நான் பேசும் வசனத்தை ஒரு தடவை கேட்டால் போதும், மூச்சு விடும் இடம் உட்பட அப்படியே திருப்பிச் சொல்வாள். அந்தத் தம்பிதான் அவளுக்கு 'டேப்பு' என்று பெயர் வைத்தான். அதுவே வீட்டிலும் நிலைத்துவிட்டது. எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமை ஒரு திங்கட்கிழமை மதியம் பள்ளிக்கூடத்தில் கவிழ்ந்தது. டேப்புவின் டீச்சர் என்னை வரச் சொல்லியிருந்தார். மேஜைமேல் மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகம் விரிந்து கிடந்தது.

"நேத்து முந்தாநாள் நடந்தது இல்ல இது. இந்த வருஷம் பூரா நடந்திருக்கு. நான் இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன்," என்றார் டீச்சர். "முயல் பாடத்தைப் படிக்கச் சொன்னேன். ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டுத் திரும்பிடுச்சு. அவ முன்னாடி இருந்தது கிணத்தைப் பத்தின பாடம். படத்துல கிணறு, வாளி, கயிறு. இவ கிணத்து மேல விரலை வெச்சு, வரிக்கு வரி நகர்த்திக்கிட்டே, முயல் பாடத்தை ஒரு வார்த்தை பிசகாம சொல்லி முடிச்சா. அதுவும் என்ன ஏத்த இறக்கம்! நான் கைதட்டியிருப்பேன்."

"அப்போ... படிக்கத் தெரியாதா?"

"எழுத்தைத் தனித்தனியா கேட்டா சொல்றா. சேர்த்துப் படிக்கச் சொன்னா என் முகத்தைப் பாக்குறா. நான் முதல் வார்த்தையைச் சொல்லிட்டா மீதியைப் பிடிச்சுக்கலாம்னு காத்திருக்கா."

அவள் யாரிடமிருந்து அதைக் கற்றாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் தொழிலில் வசனத் தாள் கையில் இருக்கும், ஆனால் பாதிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. உதவியாளர் ஒரு முறை வசனத்தை வாசிப்பார், காதில் மூலக்குரல் ஓடும், நாங்கள் கேட்டுக் கேட்டுப் பேசிவிடுவோம். வீட்டிலும் நான் அதைத்தான் செய்தேன். பாடத்தை நான் நடித்துக் காட்டுவேன், அவள் திருப்பிச் சொல்வாள், 'டேக் ஓகே' என்று முத்தம் கொடுப்பேன். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருஷமாக டப்பிங் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம்," என்றார் டீச்சர். "இதுவரைக்கும் பார்க்காத ஒரு பக்கத்தை அன்னைக்குக் கொடுப்பேன். படிக்க முடியலன்னா ரெண்டாம் வகுப்புல கொண்டுபோய் உக்கார வைக்கிறதைத் தவிர வேற வழியில்ல. ஆமா, வீட்ல கேம் விளையாடுறாளாமே?"

"சாயங்காலம் ஒரு அரைமணி நேரம், என்கூடத்தான் டீச்சர்."

"முதல்ல அதை நிறுத்துங்க."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இத்தனை மாதமாக நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தின் நடுவில் என் குரல் உடைந்து, காற்று மட்டும் வந்தது. மூன்று வாரமாக ஒரு ராட்சசிக்குக் குரல் கொடுத்திருந்தேன். அன்று மாலையே தொண்டை டாக்டர் உள்ளே ஒரு குழாயை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"குரல் நாண்ல தடிப்பு இருக்கு. பத்து நாள் பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். மீறினா அப்புறம் கத்திதான்."

வீட்டுக்காரர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் முகத்தில் கவலை இருந்தது. கவலைக்கு அடியில் வேறொன்றும் இருந்ததை நான் பார்த்தேன், பேச முடியாததால் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை டேப்புவின் பழைய வெள்ளைப் பலகையை, அந்த அழித்து எழுதும் பலகையை, நூல் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். என் வேதனை என்னவென்றால், மகளுக்குப் படிக்கச் சொல்லித்தர வேண்டிய பத்து நாட்களும் எனக்கு வாய்ப்பூட்டு. சரியாக வெள்ளிக்கிழமை காலைதான் பூட்டைத் திறப்பார்கள். அவள் ரெண்டாம் வகுப்புப் பெஞ்சில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில், கால் இடிக்க உட்கார்ந்திருப்பது என் கண்முன் வந்துகொண்டே இருந்தது. அழுகை வந்தது. சத்தம் வராமல் அழ வேண்டும் என்பதுகூட அன்றுதான் ஞாபகம் வந்தது.

மாலை அவள் பள்ளியிலிருந்து வந்து, பையை எறிந்துவிட்டு, டிவியின் முன்னால் உட்கார்ந்தாள். நான் பலகையில் 'இனிமேல் கேம் கிடையாது' என்று எழுதி நீட்டினேன். அவள் பலகையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "சரிம்மா" என்று இனிமையாகச் சொல்லிவிட்டு கேமைப் போட்டாள்.

வாய் இருந்திருந்தால் கட்டடமே அதிர்ந்திருக்கும். கை ரிமோட்டுக்குப் போனது. போன கை நின்றுவிட்டது. ஏனென்றால் எனக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது: படித்துச் சொல்ல நான் இல்லாமல் இவள் என்னதான் செய்யப்போகிறாள்? டீச்சருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் உறுத்தியது. ஆனாலும் பார்த்துவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த கேமின் பெயர் 'தபால் படகு'. ஒரு ஆமைத் தபால்காரர் சின்னப் படகில் ஏழு தீவுகளுக்குக் கடிதம் கொண்டுபோவார். வழியில் ஆடு, நண்டு அம்மா, கலங்கரை விளக்கில் குடியிருக்கும் தாடிக்காரர் என்று ஒரு கூட்டமே அவரிடம் பேசும். பேச்சு என்றால் குரல் கிடையாது. திரையின் அடியில் ஒரு பெட்டி வரும், அதில் 'பிப் பிப்' என்ற சத்தத்தோடு எழுத்துகள் ஓடும். அந்தப் பெட்டிகளுக்கு இத்தனை மாதமும் குரல் கொடுத்தது நான். ஆட்டுக்கு மூக்கடைத்த குரல், நண்டு அம்மாவுக்குக் கீச்சுக் குரல், விளக்குக்காரருக்கு என் கைவசமுள்ள மிகக் கடுமையான குரல்.

ஆடு வழிமறித்தது. பிப் பிப் பிப். பெட்டி நிறைந்தது. டேப்பு வழக்கம்போல என் பக்கம் திரும்பினாள். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டி உதட்டைப் பிதுக்கினேன். கீழே மூன்று பதில்கள் இருந்தன. முதலாவதை அழுத்தினாள். ஆடு கடிதத்தை வாங்கி மென்று தின்றுவிட்டது.

மறுபடியும் ஆரம்பித்தாள். மறுபடியும் முதல் பதில். மறுபடியும் ஆடு தின்றது. மூன்றாம் தடவை ஆட்டின் தாடி ஆடியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு ஆத்திரம்.

"அம்மா, அது என்ன கேக்குதுன்னு சொல்லேன்! ஒரே ஒரு வார்த்தை!"

ஒவ்வொரு கடிதத்துக்கும் ஆட்டின் கேள்வியும் பதில்களின் வரிசையும் மாறும், இதை நான் பார்த்ததுமே படித்துவிட்டேன். 'இந்தக் கடிதம் எனக்கா?' என்று கேட்கிறது. முதல் பதில், 'ஆமாம், உனக்குத்தான்.' இரண்டாவது, 'இல்லை, நண்டு அம்மாவுக்கு.' மூன்றாவது, 'கேட்டுச் சொல்கிறேன்.' பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. டிவிக்கு மிக அருகில் போய் மூன்று பதில்களையும் உற்றுப் பார்த்தாள். ஆட்டை விட்டுவிட்டு, ஆமையைப் படகில் ஏற்றி, முந்தைய தீவுக்குத் திரும்பிப் போனாள். நண்டு அம்மாவின் வீட்டு வாசலில் ஆமையை நிறுத்தினாள். அங்கே ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதை வெகுநேரம் பார்த்தாள். மறுபடியும் படகு, மறுபடியும் ஆடு.

"நடுவுல இருக்கறது நண்டு," என்றாள். "பலகைல இருக்கற மாதிரியே இருக்கு."

இரண்டாவது பதிலை அழுத்தினாள். ஆடு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு விலகியது. அவள் துள்ளிய துள்ளலில் பக்கத்து மேஜையில் இருந்த டம்ளர் விழுந்தது. நான் துடைக்கவில்லை. எட்டு வயதில் இவள் ஒரு வார்த்தையைத் தேடிக் கடல் தாண்டிப் போய் வந்திருக்கிறாள், எனக்கு அதுதான் மனதில் ஓடியது. பாடப் புத்தகத்தில் எந்த வார்த்தைக்காகவும் அவள் அடுத்த பக்கம்கூடப் போனதில்லை.

அன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் அப்பாவைப் படிக்கச் சொல்லிப் பார்த்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆட்டின் பெட்டியைப் படித்தார். எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று லிஃப்டில் எழுதியிருப்பதைப் படிப்பாரே, அதே குரல்.

"வேணாம்பா," என்றாள் டேப்பு. "நீ படிச்சா ஆமைக்கே தூக்கம் வருது."

அவர் நிம்மதியாக எழுந்து போனார். நான் அவருக்குப் பலகையில் 'நன்றி' என்று எழுதிக் காட்டினேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

புதன்கிழமை இன்னொன்று நடந்தது. டேப்பு கேமின் அமைப்புப் பக்கத்தை எப்படியோ திறந்துவிட்டாள். பெட்டியில் எழுத்து ஓடும் வேகத்துக்கு அங்கே மூன்று படங்கள்: குதிரை, முயல், ஆமை. எனக்குப் பொறுமை கிடையாது, வாங்கிய நாளே குதிரையில் வைத்திருந்தேன். தபால்காரர் ஆமை என்பதால் அவள் ஆமையை அழுத்தினாள், அவ்வளவுதான் காரணம். அதற்குப் பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு பிப், ஒரு எழுத்து. ஒரு பிப், இன்னொரு எழுத்து. அவள் உதடு அதனோடு சேர்ந்து அசைந்தது.

நான் பழைய வசனத் தாள் ஒன்றின் பின்புறத்தில் குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை, எனக்கே தெரிய வேண்டியிருந்தது. இத்தனை நாள் இவள் எதிரில் உட்கார்ந்து வாயாடியிருக்கிறேன், இவள் எப்படி யோசிக்கிறாள் என்று ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. முதல் இரண்டு எழுத்தைப் பிடிக்கிறாள். யார் பேசுகிறார்கள் என்று முகத்தைப் பார்க்கிறாள். இதாகத்தான் இருக்கும் என்று ஒரு வார்த்தையைச் சொல்கிறாள். அடுத்த வார்த்தையோடு அது ஒட்டவில்லை என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்னால் வருகிறாள். சில சமயம் அப்படியே நின்றுவிடுகிறாள். பத்து வினாடி, இருபது வினாடி. அந்த நேரங்களில் என் வாய் தானாகத் திறக்கும். டாக்டரின் கத்தி ஞாபகம் வந்து மூடிக்கொள்வேன்.

பெட்டி மட்டும் அசையாமல் காத்திருந்தது. அவள் பட்டனை அழுத்தும்வரை அது போகாது. 'சீக்கிரம்' என்று சொல்லாது. உச்சுக் கொட்டாது. எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் நான் இந்த மூன்றையும் செய்வேன்.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் பூகம்பம் வந்தது. நான் சமையலறையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் கால் மணி நேரமாக அவள் குரல் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"அம்மா, இங்க வா."

போனேன். திரையில் விளக்குக்காரர். கலங்கரை விளக்கின் படியில் தாடியோடு நின்றிருந்தார். இந்தக் காட்சியை நாங்கள் ஐம்பது தடவையாவது பார்த்திருப்போம். ஒவ்வொரு தடவையும் நான் என் ஜெயில் அதிகாரிக் குரலில், 'யாருடா அது? இங்கே வராதே! போ!' என்று கர்ஜிப்பேன். அவள் கீச்சென்று கத்திக்கொண்டு படகைத் திருப்புவாள். இருவருக்கும் ரொம்பப் பிடித்த கட்டம் அது.

"இவரு திட்டவே இல்லம்மா," என்றாள்.

விரலை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக, எனக்குப் படித்துக் காட்டினாள். அவசரமே இல்லை. "'பாறை... இருக்கிறது. பார்த்து... வா... தபால்காரரே.'" பட்டன். "'நேற்றும்... நீ... வரவில்லை. உனக்காக... விளக்கைச்... சீக்கிரமே... ஏற்றி... வைத்தேன்.'" பட்டன். "'எனக்குக் கடிதம்... இல்லை என்றாலும்... பரவாயில்லை. ஒரு நிமிடம்... உட்கார்ந்துவிட்டுப் போ.'"

என் கையில் தக்காளிச் சாறு மணிக்கட்டுவரை வழிந்துகொண்டிருந்தது.

"வந்து உக்காருன்னு கூப்பிடுறாரு. நாம தினம் தினம் ஓடிப்போயிருக்கோம்." அவள் கண்ணில் நீர் முட்டியது. "நீ ஏம்மா அப்படிப் படிச்ச?"

கையும் களவுமாகப் பிடிபட்டேன். ஏன் என்றால், அந்த இடத்தில் நீளமாக மூன்று பெட்டி வரும். ஸ்டுடியோவில் எட்டு மணி நேரம் கத்திவிட்டு வந்த எனக்கு மூன்று பெட்டி படிக்கச் சோம்பல். தாடியைப் பார்த்தேன், கடுமையான குரலைப் போட்டேன், தப்பித்தேன். பலகையை எடுத்தேன். 'நேரம் ஆச்சுன்னு விட்டுட்டேன். நானா கற்பனை பண்ணிச் சொன்னேன். மன்னிச்சுடு' என்று எழுதினேன்.

அவள் அதையும் விரல் வைத்துப் படித்தாள். படித்து முடிக்க ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடமும் நான் குற்றவாளிக் கூண்டில் நின்றேன்.

"வேற யாரு யாருக்கு இப்படிப் பண்ண?" என்று கேட்டாள்.

எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் உண்மை. உதட்டைப் பிதுக்கினேன். அவள் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, சேர்த்து வைத்திருந்த விளையாட்டை எல்லாம் விட்டுவிட்டு, புதிதாக முதல் தீவிலிருந்து ஆரம்பித்தாள்.

ஞாயிறு முழுக்க என்மேல் விசாரணை நடந்தது. ஒவ்வொரு தீவிலும் இறங்கி, ஒவ்வொருவரிடமும் பேசி, ஒவ்வொரு பெட்டியையும் படித்தாள். நான் சொன்ன கதை அவளுக்கு அச்சுப் பிசகாமல் ஞாபகம் இருந்தது, டேப்பு ஆயிற்றே. திரையில் இருப்பதும் நான் சொன்னதும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே என் கழுத்துப் பலகையை இழுத்து அதில் ஒரு கோடு போட்டாள். நண்டு அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தாள், நான் அவளை ஒழித்துக்கட்டியிருந்தேன். ஆடு கடிதத்தைத் தின்பது பசியால் அல்ல, அதற்கு யாரும் கடிதம் போடுவதில்லை என்ற ஏக்கத்தால். அதை நான் சொல்லவே இல்லை. மாலைக்குள் இருபத்து மூன்று கோடுகள்.

"பரவாயில்ல, ஆட்டைப் பத்தி ரெண்டு தடவை உண்மை சொல்லியிருக்க," என்றாள்.

வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். திருப்பிக் கொடுக்க எனக்கு வாய் இல்லை என்ற தைரியம்.

திங்கள், செவ்வாய் எல்லாம் இப்படியே போயின. எனக்குப் பயம் மட்டும் விடவில்லை. கேமில் இவளுக்கு ஆளைத் தெரியும், தீவைத் தெரியும், கதை பாதி தெரியும். டீச்சர் கொடுக்கப்போவது முன்பின் தெரியாத பக்கம். அங்கே போய் நிற்க நண்டு வீட்டுப் பெயர்ப்பலகை இருக்காது. இத்தனை நாளும் டீச்சர் பேச்சைக் கேட்காமல் விளையாட விட்டேனே, அதுவே வினையாகிவிட்டால்? புதன் இரவு படுக்கையில் விழித்துக் கிடந்து இதையே யோசித்தேன். இதுபோன்ற நேரத்தில் நான் வீட்டுக்காரரை எழுப்பிப் புலம்புவேன். அன்று அவரே எழுந்து, "தூங்கு, படிச்சிருவா," என்றார். அன்றைய நாற்பதில் இரண்டை எனக்குச் செலவழித்தார்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் மறுபடி குழாயை விட்டுப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு. இன்னையிலிருந்து பேசலாம். கொஞ்சமா, மெதுவா," என்றார். "சரிங்க டாக்டர்" என்றேன். குரல் என்னுடையதாகவே இருந்தது. ஆனால் பலகையைக் கழற்ற மறந்து அப்படியே பள்ளிக்குப் போய்விட்டேன்.

டீச்சர் டேப்புவைத் தன் எதிரில் உட்கார வைத்து, நூலகப் புத்தகம் ஒன்றை விரித்தார். ஒரு பழைய மணிக்கூண்டைப் பற்றிய பக்கம். படம்கூட இல்லை. நான் டீச்சருக்குப் பின்னால், டேப்புவுக்கு நேராக, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

அவள் விரலை வைத்தாள். "'எங்கள்... ஊரின்... நடுவில்... ஒரு மணிக்கூண்டு... இருந்தது.'" குரல் தட்டையாக, திக்கித் திக்கி வந்தது. ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. அது என் குரலின் நகல் அல்ல. அப்படி ஒரு அழகில்லாத வாசிப்பைக் கேட்டு எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததில்லை. இரண்டாவது வரி, மூன்றாவது வரி. ஒரு வார்த்தையைத் தப்பாகப் படித்து, முகம் சுளித்து, தானே திரும்பி வந்து திருத்தினாள்.

ஐந்தாவது வரியில் நின்றுவிட்டாள். நீளமான வார்த்தை. விரல் அதன் கீழேயே நின்றது. பத்து வினாடி. நிமிர்ந்து டீச்சர் முகத்தைப் பார்த்தாள். பழைய பார்வை. டீச்சர் பாவம், உதவி செய்யும் எண்ணத்தில், "ப..." என்று ஆரம்பித்தார்.

நான் எழுந்துவிட்டேன். பேசலாம், அனுமதி இருக்கிறது, வாய் நிறைய வார்த்தை இருக்கிறது. ஆனால் நான் வாயைத் திறந்தால் அவள் காது என் பக்கம் வந்துவிடும் என்று தெரிந்தது. பலகையில் அவசரமாகக் கிறுக்கி, டீச்சரின் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன்.

டீச்சர் திரும்பிப் பார்ப்பதற்குள் டேப்புவின் கண் அதில் விழுந்தது.

"'கொஞ்சம் பொறுங்க டீச்சர்,'" என்று கடகடவென்று படித்தாள். படித்துவிட்டுக் களுக்கென்று சிரித்தாள். "அம்மா! டீச்சரையே பொறுங்கன்னு சொல்றியா!"

டீச்சர் பலகையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அதைப் படிக்கச் சொல்லி அவளிடம் யாரும் சொல்லவில்லை. வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார், காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

டேப்பு பக்கத்துக்குத் திரும்பினாள். "ப... ழு... து. பழுது. பார்... பார்ப்ப... 'பழுதுபார்ப்பவர்.'" நிமிர்ந்தாள். முகமெல்லாம் பல். "எங்கப்பா!"

மீதி ஆறு வரியையும் அவளே படித்தாள். நான்கு வார்த்தை தப்பு. நேரம் நிறைய எடுத்தது. டீச்சர் புத்தகத்தை மூடினார்.

"ரொம்ப மெதுவா படிக்கிறா," என்றார். "ஆனா படிக்கிறா. இங்கேயே இருக்கட்டும். பத்து நாள்ல என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்," என்றேன். அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிட்டேன். கேமை நிறுத்தவில்லை என்பது, ஆடு, நண்டு, இருபத்து மூன்று கோடு, எல்லாம். டாக்டர் 'கொஞ்சமா' என்றது மறந்துபோனது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"அந்த ஆட்டுக்கு யாராவது கடிதம் போட்டாங்களா?"

"இன்னும் தெரியல," என்றாள் டேப்பு. "ஆறாவது தீவுலதான் இருக்கேன். தெரிஞ்சா வந்து சொல்றேன்."

அன்று மாலை அவளுக்கு முன்னால் நான் டிவி எதிரில் உட்கார்ந்திருந்தேன். வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமி, தயாராக இருந்தேன். பத்து நாள் பட்டினி கிடந்த வாய். படகு கலங்கரை விளக்கை நெருங்கியது. தாடிக்காரர் படியில் வந்து நின்றார். கடுமை வேண்டாம், இந்த முறை கொஞ்சம் கனிவான குரலாகப் போடலாம் என்று மூச்சை இழுத்தேன்.

"நீ இல்லம்மா," என்றாள். "அவரு என்னோட ஆளு. அவரு குரல் எனக்குத்தான் தெரியும்."

மெதுவாக, தணிவாக, யாரையும் மாதிரி இல்லாத ஒரு குரலில் அவரைப் படித்தாள். ஆமை படியில் உட்கார்ந்தது. விளக்குக்காரர் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளை கைவிட்டுப் போகிறாளே என்று ஒரு வலி. இவள் இனிமேல் எங்கே வேண்டுமானாலும் தானே போய்விடுவாள் என்று ஒரு நிம்மதி. இரண்டும் ஒன்றாக வந்ததில் அழுதேவிட்டேன்.

அவளுக்கு மனது இளகியிருக்க வேண்டும். "சரி, ஆட்டை மட்டும் நீ வெச்சுக்கோ," என்றாள். "ஆனா உள்ளதை உள்ளபடி படிக்கணும்."

அடுத்த தீவில் ஆடு வந்தது. பிப் பிப் பிப். மூக்கை அடைத்துக்கொண்டு என் பிரசித்தி பெற்ற ஆட்டுக் குரலில் ஆரம்பித்தேன். "'எனக்குக் கடிதம் ஏதாவது வந்திருக்கிறதா? பையில் பார்.'"

"கட்!" என்றாள் டேப்பு. திரையை நோக்கி விரலை நீட்டினாள். "'பையில் இன்னொரு தடவை பார்'னு போட்டிருக்கு. 'இன்னொரு தடவை'யை விட்டுட்ட. பாவம், அது அன்னைக்கே ஒரு தடவை கேட்டுருச்சு."

பலகையை எடுத்து இருபத்து நாலாவது கோட்டைப் போட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்து, முதலிலிருந்து படித்தேன்.